முதல் தெரு இல்லாத ஊர்

"உங்க ஊருல முதல் தெரு எங்கம்மா இருக்கு?"

பக்கிரிசாமி இப்படிக் கேட்டபோது, அமெரிக்காவில் பால் பொங்குவதற்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"இப்ப அதுவா முக்கியம்? தள்ளுங்க, உங்க தலை மறைக்குது," என்றாள் தங்கமணி.

கிள்ளானில் புதன்கிழமை மாலை விளக்கேற்றி முடித்த நேரம். சமையலறை மேசையில் மைலோ டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள் மகள் மாதவி பட்டுப் புடவைக்கு மேல் தடித்த கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். அங்கே அதே புதன்கிழமையின் விடிகாலை. ஐயோவா மாநிலத்தில் மெர்சர் லேண்டிங் என்ற ஊர். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மாதவியும் அவள் கணவன் சுகுமாறனும் போன மாதம் வீடு வாங்கிய பிறகு நானூற்றுப் பதினான்கு என்று ஊர்ப்பலகையைத் திருத்தப்போவதாகத் தபால் நிலையத்தில் சொன்னார்களாம். பக்கத்து டவுன் மருத்துவமனையில் அவள் தாதி. மூன்று வருடம் அங்கேயே வாடகைக்கு இருந்துவிட்டு இப்போதுதான் சொந்த வீடு.

"மா, பொங்குது, பொங்குது!"

"எந்தப் பக்கம்?"

"கிழக்கால மா."

"முருகா," என்று தங்கமணி கையெடுத்துக் கும்பிட்டாள். "வெளக்க எங்க வச்சிருக்கே? காட்டு."

கைப்பேசி அசைந்தது. கிழக்கு ஜன்னலின் ஓரத்தில், லிட்டில் இந்தியாவில் தங்கமணி பேரம் பேசி வாங்கிக் கொடுத்தனுப்பிய பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மங்கிய வெள்ளை வெளி. அறுத்த சோளக்காட்டின் மேல் பனி. வெகு தூரத்தில் ஒரு குன்றும் அதன் மேல் ஊசி மாதிரி ஒரு தேவாலயக் கோபுரமும்.

"மூணு ராத்திரி. கேட்டுக்க. மூணு ராத்திரி வெளக்கு அணையக்கூடாது. வீட்டப் பூட்டிட்டு வெளிய தங்கக்கூடாது. சனிக்கிழமை வெடிஞ்சதும் நீ எங்க வேணா போ."

"தெரியும் மா," என்றாள் மாதவி. குரல் சட்டென்று இறங்கியது. "எனக்குத் தெரியாதா?"

பக்கிரிசாமி இதுதான் சமயம் என்று முகத்தை நீட்டினார்.

"மாதவி, வீட்டு அட்ரஸ்ல தேர்ட் ஸ்ட்ரீட்டுன்னு இருக்கு. உங்க வீடுதான் கடைசி வரிசைங்கிற. அப்ப ஒண்ணும் ரெண்டும் எங்க?"

"தெரியலப்பா. ஊரே மூணாவது தெருவுலதான் ஆரம்பிக்குது. ஏழாவதுல முடியுது. அவ்ளோதான்."

"பின்பக்கம் என்ன இருக்கு?"

"ஒரு மேடு. அதுக்கு அந்தப் பக்கம் ஆறு. இப்ப ஐஸ் கட்டி ரோடு மாதிரி கெடக்கு. அதுமேல லோரி ஓட்டலாம்னு இவர் சொல்றாரு."

"மாப்பிள்ளைய ஓட்ட வேணாம்னு சொல்லு," என்றார் பக்கிரிசாமி. மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

*

பக்கிரிசாமி முப்பத்தோரு வருடம் கிள்ளான் கடற்கரையோரத்தில் தண்ணீர் மதகு பார்த்தவர். கடல் ஏறும்போது மதகை மூட வேண்டும். இறங்கும்போது திறந்து ஆற்று நீரை வெளியேற்ற வேண்டும். அரை மணி நேரம் தூங்கினால் ஒரு கம்பம், அதாவது ஒரு கிராமம், முழுகும். அந்த வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகியும் பழக்கம் விடவில்லை. எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் லோங்காங், சாக்கடை, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார். அதனால் தங்கமணிக்கு உறவுக்காரர்கள் மத்தியில் நிறைய வெட்கம்.

"கோமதி மக கல்யாணத்துல என்ன பண்ணீங்க? பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போடாம மண்டபத்துக்குப் பின்னால போயி சாக்கடையப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

"அடுத்த மாசம் அந்த மண்டபத்துல இடுப்பளவு தண்ணி ஏறுச்சா இல்லியா?"

"ஏறுச்சு. அதுக்காக?"

அன்று இரவே அவர் மகளிடம் அந்த ஊரைப் பற்றி ஏதாவது புத்தகம் இருந்தால் அனுப்பச் சொன்னார். தபால் நிலையத்தின் பின்னறைதான் அந்த ஊருக்கு நூலகம். ஊருக்கு நூறு வயது ஆனபோது அச்சடித்த மெல்லிய புத்தகம் ஒன்று அங்கே கிடந்தது. மாதவி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டாள். வியாழக்கிழமை மாலை தங்கமணி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்க, அவர் எதிரில் உட்கார்ந்து கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்தார்.

"மெர்சருன்னு ஒரு கப்பல்காரன். ஆறு வளையிற இடத்துல கப்பலக் கரையில கட்டி, போற வர்ற நீராவிக் கப்பலுக்கு வெறகு வித்திருக்கான். அப்புறம் ஒரு கடை, ஒரு மாவு மில்லு, ஒரு சாராயக்கடை. ஆத்தங்கரைய ஒட்டி முதல் தெரு."

"சாராயக்கடை எல்லா ஊருலயும் மூணாவதா வந்துடும் போல."

"கேளு. ரயிலுக்காரன் வந்து, மேட்டுலதான் தண்டவாளம் போடுவேன்னு சொல்லியிருக்கான். ஊருக்காரங்க நெலம் சும்மா தரோம், பள்ளத்துலயே போடுன்னு கெஞ்சியிருக்காங்க. ரயிலு பள்ளத்துக்கு வந்துச்சு. பதிமூணு வருசம் கழிச்சு ஒரு மார்ச்சு மாசம் முதல் தெரு போச்சு."

"போச்சுன்னா?"

"போச்சுன்னா போச்சு, ஆத்தோட. பதினேழு பேரு. புத்தகத்துல பேரு போட்டிருக்கு. அதுல அஞ்சு பேரு மெர்சரு."

தங்கமணியின் கத்தி நின்றது.

"அப்புறம் 1912. மறுபடியும் மார்ச்சு. ரெண்டாவது தெரு. இந்தத் தடவை சர்ச்சு மட்டும் தப்பிச்சிருக்கு. அத என்ன பண்ணாங்க தெரியுமா? அடியில மரத்த உருட்டி விட்டு, நாப்பது குதிரையக் கட்டி, ரெண்டு மைல் தள்ளி இருக்கிற குன்று மேல இழுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு மாசம் இழுத்திருக்காங்க. இடுகாட்டையும் அங்கயே மாத்திட்டாங்க. கூத்தப் பாத்தியா? சாமிய மேல கொண்டு போயிட்டான், செத்தவன மேல கொண்டு போயிட்டான். உசிரோட இருக்கிறவன் மட்டும் பள்ளத்துலயே இருந்துட்டான்."

"ஏன் தெருவுக்குப் புதுசா நம்பர் வைக்கல?"

"எல்லார் பத்திரத்துலயும் பழைய நம்பர் இருக்காம். மாத்துனா மெனக்கேடுன்னு கூட்டத்துல கை தூக்கி முடிவு பண்ணிட்டாங்க."

"அது பழைய கதைங்க. இப்பத்தான் மேடு கட்டிட்டாங்கன்னு மாதவி சொன்னாளே."

"கட்டியிருக்காங்க. எழுவது வருசத்துக்கு முந்தி. அதுக்கப்புறம் இந்தப் புத்தகத்துல வெள்ளம்ங்கிற பேச்சே இல்ல. பந்தாட்ட டீம், சோள ராணிப் போட்டி, பள்ளிக்கூட ஆண்டுவிழா." அவர் ஒரு படத்தை விரல்களால் பெரிதாக்கிக் காட்டினார். "இந்தப் பள்ளிக்கூடச் சுவரப் பாரு. இடுப்பு வரைக்கும் செங்கல்லு ஒரு கலரு, அதுக்கு மேல வேற கலரு. ஏன்? கீழ்ப்பாதிய எப்ப மாத்திக் கட்டுனாங்க?"

"உங்களுக்குச் சுவரு மட்டும்தான் தெரியும்," என்று சொல்லி அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். ஆனால் துண்டுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்தன.

அவளுக்கு நினைவு வந்தது இதுதான். வீட்டை விற்ற கிழவி, டோரத்தி என்று பெயர், சாவியை ஏப்ரலில் வாங்கிக்கொள்ளச் சொன்னாளாம். ஐஸ் போன பிறகு வாருங்கள், அதுவரை அவசரம் வேண்டாம் என்றாளாம். மாதவி அதைச் சொன்னபோது தங்கமணிதான் குதித்தாள். "சனிக்கிழமை பங்குனி பொறந்துடும். பங்குனியில யாராச்சும் புது வீட்டுல பால் காய்ச்சுவாங்களா? மாசிக்குள்ள முடி. அந்தக் கெழவிக்கு நம்ம மாசி பங்குனி தெரியுமா?" கோவில் ஐயரிடம் நாள் பார்த்ததும் அவள்தான். எந்த ஊர் ராகு காலத்தைப் பார்ப்பது என்று அவளுக்கும் ஐயருக்கும் கால் மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அவங்க சூரியன் அவங்களுக்கு என்று ஐயர் முடித்து வைத்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு மாதவி கூப்பிட்டாள். அங்கே வியாழன் மாலை. மூன்று ராத்திரியில் ஒன்று கழிந்திருந்தது. அவளுக்கு நல்ல உற்சாகம்.

"மா, இந்த ஊரு ஆளுங்களுக்கு லேசா கிறுக்கு. எதிர் வீட்டு அங்கிள் பியானோவத் தூக்கி செங்கல்லு மேல வச்சிருக்காரு. பக்கத்து வீட்டு ஆன்டி மெத்தை, டிவி எல்லாத்தையும் மாடிக்கு ஏத்துனாங்க. என்ன ஆன்டி, பெருநாளைக்கு வீடு கழுவுறீங்களான்னு கேட்டேன். சிரிச்சாங்க."

"இப்ப எங்க அவங்க?" பக்கிரிசாமி கேட்டார்.

"மக வீட்டுக்குப் போறேன்னு மத்தியானம் கெளம்பிட்டாங்க."

"எதிர் வீட்டுக்காரரு?"

"அவரு அண்ணன் வீட்டுக்கு. நேத்தே."

"அதுக்கு அடுத்த வீடு?"

மாதவி ஜன்னல் பக்கம் போவது தெரிந்தது. சற்று நேரம் திரையில் கூரை மட்டும் தெரிந்தது.

"பா... ஒரு வீட்டுலயும் லைட்டு இல்ல."

தங்கமணி பேச்சை மாற்றினாள். "வீடு சுத்தமா இருக்கா? ரொம்பப் பழைய வீடுன்னியே."

"சுத்தமா இருக்கு மா. டோரத்தி ஆன்டி கீழ் ரூம்ல ஒரு ஆணி கூட விட்டு வைக்கல. ஆனா சாமான் அறைக் கதவுல ஒண்ணு இருக்கு பாரு, அழிக்க மனசு வரல. பிள்ளைங்க ஒசரம் அளந்து பென்சிலால கோடு போட்டிருக்காங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் வருசம் எழுதி, அழகா."

"பேரு எழுதியிருக்கா?" என்றார் பக்கிரிசாமி.

"இல்லப்பா. வருசமும் மாசமும்தான்."

"எந்த மாசம்?"

திரையில் கதவு நெருங்கி வந்தது.

"மாதவி. எந்த மாசம் போட்டிருக்கு?"

"மார்ச்சு... மார்ச்சு... எல்லாமே மார்ச்சு. ஒண்ணு மட்டும் ஏப்ரல் ரெண்டு."

"எந்தக் கோடு ஒசரம்? எங்க வருது உனக்கு?"

"தோளுக்கு."

பக்கிரிசாமி நாற்காலியிலிருந்து எழுந்து, பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார். "அது தண்ணி ஏறுன ஒசரம்மா. மேடு கட்டுன பிறகு போட்ட கோடும் இருக்கும். வருசத்தப் பாரு. எழுவது வருசத்துக்கு உள்ள."

"நாலு இருக்குப்பா."

அந்த நேரம் கைப்பேசிக்குள் வெளியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ துப்பாக்கி சுட்ட மாதிரி. பிறகு நீளமாக ஒரு முனகல்.

"என்ன அது?" என்றாள் தங்கமணி.

"ஐஸ் மா. மத்தியானத்துலேருந்து வெடிக்குது. இன்னிக்கு வெயிலு நல்லா அடிச்சுச்சு, மழையும் வரும்னாங்க."

"கேளும்மா," என்றார் பக்கிரிசாமி. மதகில் ஆட்களுக்குக் கட்டளையிட்ட பழைய குரல் அவருக்குத் திரும்பியிருந்தது. "லோங்காங்குல யாரோ பழைய மெத்தையத் தூக்கிப் போட்டா என்னாகும்? தண்ணி நின்னு பின்னால ஏறும்ல? அந்த ஆறு வளையிற இடத்துல, ஒடைஞ்ச ஐஸெல்லாம் அப்படித்தான் போயி அடைக்கும். நீ மேட்டையே பாத்துக்கிட்டு இருப்ப. தண்ணி மேட்டைத் தாண்டி வராது. சுத்திக்கிட்டுச் சோளக்காட்டு வழியா, வாசப்பக்கம் வரும். உங்க ரோடு அந்தக் காட்டு வழியாதானே குன்றுக்குப் போகுது? மொதல்ல முழுகறது அந்த ரோடுதான். இப்பவே கெளம்பி ஆஸ்பத்திரி குவாட்டர்ஸ்க்குப் போ."

மாதவி அப்பாவைப் பார்க்கவில்லை. "மா?" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் பதினோரு வருடம் இருந்தது. செமினியில் மாதவி வாங்கிய முதல் வீட்டிலும் இதே போலப் பால் காய்ச்சினார்கள். இரண்டாம் இரவு ஆள் இல்லை என்று மருத்துவமனையில் கூப்பிட, அவள் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். சுகுமாறன் அப்போது வெளியூரில். விளக்கு எண்ணெய் தீர்ந்து அணைந்தது. நான்காம் நாள் காலை, காஜாங் சாலையில் தம்பி ரிஷியின் மோட்டார் சைக்கிளை ஒரு லோரி அடித்தது. கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தபோது, சொந்தக்காரர்கள் நிறைந்திருக்க, தங்கமணி மகளைப் பார்த்து ஒரே ஒரு முறை சொன்னாள்: "வெளக்க விட்டுட்டுப் போனே. பாத்தியா?" அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. செமினி வீட்டை விற்றார்கள். மாதவி அமெரிக்காவுக்கு மனுப்போட்டாள்.

"மா, நீ சொல்லு. போகட்டுமா?"

தங்கமணி விளக்கைத்தான் பார்த்தாள். மகளின் தோளுக்குப் பின்னால், ஜன்னலில், அசையாமல் எரிந்தது.

"இன்னும் ரெண்டு ராத்திரிதானே," என்றாள்.

*

அன்று முழுவதும் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. பக்கிரிசாமி ஒருமுறை மட்டும், "இங்க பக்கத்துல ஸ்ரீ மூடாவுல தண்ணி ஏறுனப்ப கூரையில உக்காந்திருந்தவங்ககிட்டப் போயி மாசியா பங்குனியான்னு கேட்டிருக்கணும் நீ," என்றார். அவள் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று போய், எதுவும் வாங்காமல் வந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளேதான் கூப்பிட்டாள். அங்கே வெள்ளி இரவு. நான்காவது தடவைதான் மாதவி எடுத்தாள். மின்சாரம் இல்லை. விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பாதி முகம்தான் தெரிந்தது.

"மாப்பிள்ளை எங்க?"

"அந்தக் கரையில மா. வேலைக்குப் போனாரு. மூணு மணிக்கு பாலத்த மூடிட்டாங்க. கூட வேலை பாக்குறவரு வீட்டுல இருக்காரு. பத்திரமாதான் இருக்காரு. என்னைக் கத்திக்கிட்டே இருக்காரு."

"யாரும் வந்து சொல்லலியா?" என்றார் பக்கிரிசாமி.

"வந்தாங்க. அஞ்சு மணிக்கு ஒருத்தரு டிரக்ல வந்தாரு. கெளம்புறது நல்லதுன்னாரு. கட்டாயமான்னு கேட்டேன். உங்க இஷ்டம் மேடம்னாரு. அப்புறம் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, தேர்ட் ஸ்ட்ரீட்டு வாங்கும்போது உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டாரு."

"வாசல்ல என்ன தெரியுது? பாரு."

"இருட்டுப்பா."

"லைட்ட அடிச்சுப் பாரு!"

கைப்பேசியின் வெளிச்சம் கதவைத் தாண்டியது. படிக்குக் கீழே பனி சாம்பல் நிறத்தில் கரைந்திருந்தது. அதில் சின்னச் சின்ன ஐஸ் துண்டுகள், குன்றின் பக்கமிருந்து வீட்டை நோக்கி, அவசரமே இல்லாமல் மிதந்து வந்துகொண்டிருந்தன.

"எத்தனை படி தெரியுது?"

"நாலு. சாயந்திரம் அஞ்சு இருந்துச்சு."

"காரு?"

"ரோட்டு மேட்டுல நிக்குது. டயருக்கு வரல."

"மாதவி, இன்னும் அரை மணி நேரம்தான் அந்த ரோடு இருக்கும். அப்பா சொல்றேன், போயிடும்மா. கெஞ்சிக் கேக்குறேன்."

"வெடிஞ்சா போயிடுவேன்பா. மாடி இருக்கு. வெளக்கத் தூக்கிட்டு மாடிக்குப் போயிடுறேன். இந்த ஒரு ராத்திரி. இல்லேன்னா... இவரு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு இருக்காரு மா. இவருக்கு எதாச்சும் ஆச்சுன்னா?" அவள் அழவில்லை. பல நாள் யோசித்து வைத்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "மறுபடியும் நான்தானேன்னு ஆயிடும்."

பக்கிரிசாமி மனைவியைப் பார்த்தார். தங்கமணி கைப்பேசியை டின்னிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாதவி, அம்மா பேசுறேன்."

"சொல்லு மா."

"அந்த வெளக்குக்கும் ரிஷிக்கும் சம்பந்தம் இல்ல."

"இப்ப என்னைய வெளிய அனுப்புறதுக்காகச் சொல்ற."

"இல்ல. அன்னிக்குக் காலையில அவன நான்தான் காஜாங்குக்கு அனுப்புனேன். மூணு ராத்திரி முடிஞ்சு போச்சே, சாமிக்குப் படையல் போடணும்னு தலைவாழை எல வாங்க. மழை வருது மா, பெறவு போறேன்னான். எல தீந்துடும், இப்பவே போடான்னு வெரட்டுனேன். செருப்புகூட சரியா போடல அவன்." அவள் மூச்சு வாங்கினாள். "கூடத்துல எல்லாரும் ஏன் போனான், எதுக்குப் போனான்னு கேட்டாங்க. நான் உன்னைக் காட்டிட்டேன். நீ எதுத்துப் பேச மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

மாதவி விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். ஐஸ் எதிலோ மோதும் சத்தம் மட்டும், யாரோ கதவைத் தட்டுவது போல.

"கேட்டுச்சா? வெளக்க ஊதி அணை."

"ஊதக்கூடாது மா. பூவாலதான்..."

"வாயால ஊதுடி! ஊதிட்டுக் கதவ இழுத்துப் பூட்டிட்டு ஓடு. ஒரு சாமியும் உன்னைக் கேக்காது. கேட்டா என்கிட்ட வரச் சொல்லு."

படம் குலுங்கியது. தரை, புடவைத் தலைப்பு, மீண்டும் தரை. பிறகு தொடர்பு அறுந்தது.

*

நாற்பது நிமிடம். பக்கிரிசாமி மேசையில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருந்தார்: ஆறு, வளைவு, காடு, குன்று. தங்கமணி சுவர்க்கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வாசலில் கேஸ் லோரிக்காரன் மணியடித்தான். இருவரும் எழவில்லை.

கைப்பேசி அடித்ததும் இரண்டு பேருடைய கைகளும் ஒரே நேரத்தில் அதன் மேல் விழுந்தன.

"மா. குன்று மேல வந்துட்டேன்."

பக்கிரிசாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"காட்டுக்கு நடுவுல தண்ணி காரு கதவுக்கு வந்துடுச்சு மா. ரோடு தெரியல. ரெண்டு பக்கமும் வேலிக்கம்பம் இருக்குல்ல, அத எண்ணிக்கிட்டே வந்தேன்." பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "மா, எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஊரே இங்க இருக்கு. கல்லறைக்கு நடுவுல வரிசையா காரு. எதிர் வீட்டு அங்கிள், பக்கத்து வீட்டு ஆன்டி, எல்லாரும். சர்ச்சுல சூப்பு ஊத்துறாங்க."

"மக வீட்டுக்குப் போறேன்னாங்களே?"

"அவங்க மகளும் இங்கதான் இருக்கு. டோரத்தி ஆன்டியும் இருக்காங்க. என்னைப் பாத்ததும் போர்வையப் போத்தி விட்டு, ஏப்ரல்ல வரச் சொன்னேனேன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க."

"அவங்களுக்கு மனசாட்சி இல்லியா?" என்றாள் தங்கமணி.

"தெரியல மா. திருநாளுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்காங்க. ஒரு கெழவரு சொல்றாரு, இனிமே ஊரு நாலாவது தெருவுலேருந்து ஆரம்பிக்கும்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "மா, வெளக்க நான் ஊதல. வாய் கிட்டக் கொண்டு போனேன். முடியல. நெறைய எண்ணெய ஊத்திட்டு வந்துட்டேன். இங்கேருந்து தெரியுது. ஊரே இருட்டு, அது ஒண்ணுதான் எரியுது. எல்லாரும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. யாரு வீடுன்னு கேக்குறாங்க."

அவள் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பு. அதற்குள் மிளகளவு ஒரு மஞ்சள். கிள்ளான் சமையலறையில் இரண்டு தலைகள் ஒன்றாகக் குனிந்தன.

"ஜன்னல் ஓரம் தரையிலேருந்து எவ்ளோ ஒசரம்?" என்று பக்கிரிசாமி மெதுவாகக் கேட்டார்.

"இடுப்பளவு."

குன்றின் மேல் ஒரு குழந்தை இருமியது. யாரோ காரின் கதவைச் சாத்தினார்கள். மஞ்சள் புள்ளி ஒருமுறை நீண்டது, மறுபடி சுருங்கியது. தண்ணீரில் அதன் நிழல் விழுந்திருக்க வேண்டும். ஒரு கணம் இரண்டு விளக்குகள் தெரிந்தன. பிறகு இரண்டுமே இல்லை.

"மா..."

"அணையட்டும்," என்றாள் தங்கமணி. "நீ சூப்பக் குடி. மாப்பிள்ளைக்குப் போன் போடு."

கைப்பேசியை அவள் மறுபடி டின்னில் சாய்த்து வைத்தாள். பக்கிரிசாமி மதகில் நேரம் குறித்த பழைய பழக்கத்தில் எழுந்து போய், சுவரில் தொங்கிய நாட்காட்டியில் பங்குனி ஒன்று என்ற கட்டத்துக்குள் பென்சிலால் நேரத்தைக் குறித்தார். ஒன்பது பதினேழு. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"அன்னிக்கு மழை வருதுன்னு சொன்னானா அவன்?"

"சொன்னான்," என்றாள் அவள்.